மச்சான் கொடுத்த ஒன் டவுன்

மலேசிய அணியில் நான் ஒன் டவுன் ஆடுவது என் மச்சான் போட்ட சீர் என்றுதான் கிள்ளானில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன் டவுன் என்றால் முதல் விக்கெட் விழுந்ததும் பேட்டைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவன். எனக்கு முன்னால் பதினாறு வருடம் அப்படி இறங்கியவர் என் மனைவியின் அண்ணன். அவர் அந்த இடத்தை எனக்குக் கொடுக்கவில்லை. அது அவரிடமிருந்து எடுக்கப்பட்டது, எனக்குத் தரப்பட்டது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல முடியாமல் நான் பட்ட பாட்டைத்தான் எழுதப்போகிறேன். மச்சான் மலாய் வழித் தேசியப் பள்ளியில் படித்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், வாசிக்க வராது. அந்தத் தைரியம்தான்.

அணி என்றதும் தொலைக்காட்சியில் பார்க்கிற அணியை நினைத்துவிட வேண்டாம். எங்கள் நாட்டில் கிரிக்கெட் ஆடினால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. மச்சான் துறைமுகத்தில் கண்டெய்னர்களுக்கான பத்திரங்களைப் பார்க்கிறவர். நான் மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஆட்டம் வந்தால் வருடாந்திர விடுப்பை எடுப்போம், அது தீர்ந்துபோனால் மேலாளரின் முன்னால் போய் நிற்போம். நாட்டுக்காக ஆடப்போகிறேன் என்று சொன்னால் என் மேலாளர் எந்த நாட்டுக்கு என்று கேட்பார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே கேட்பார்.

எட்டு வருடம் நான் பன்னிரண்டாவது ஆள். அணியோடு போவேன், சீருடை போடுவேன், ஆடமாட்டேன். தண்ணீர் போத்தலும் மாற்றுக் கையுறையும் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடுவேன். பெரும்பாலும் மச்சானுக்குத்தான். அவர் குடித்துவிட்டுப் போத்தலை என் பக்கம் பார்க்காமலேயே நீட்டுவார். அப்போதெல்லாம் மைதானத்தில் அவருக்கு நான் "டேய்"தான். அவருடைய தங்கையைக் கட்டிக்கொண்ட பிறகு வீட்டில் "வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள" என்பார். மறுநாள் நெட் பயிற்சியில் மறுபடியும் "டேய், அந்த ஹெல்மெட்ட எடு". எனக்கு அது கோபமாக இல்லை. மைதானம் வேறு, வீடு வேறு என்று நானே எனக்குச் சொல்லிவைத்திருந்தேன்.

கோபம் வேறு இடத்தில் இருந்தது. உள்ளூர் லீக்கில் மூன்று வருடமாக அவரைவிட நான் அதிகம் அடித்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். அவருக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. வேகப்பந்துக்கு முன்கால் போட நேரம் ஆனது. ஷார்ட் பந்து வந்தால் முகத்தைத் திருப்பினார். அவர் சீக்கிரம் அவுட் ஆக வேண்டும் என்று நான் பெவிலியனில் உட்கார்ந்து மனதுக்குள் வேண்டியிருக்கிறேன். பக்கத்தில் என் மனைவி "அண்ணே! அண்ணே!" என்று கத்திக்கொண்டிருப்பாள். நானும் கை தட்டுவேன். நான் நல்லவன் இல்லை என்று அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன்.

என் மனைவிக்கு அவர் ஒருவர்தான் கூடப்பிறந்தவர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அண்ணன் எல்லாமாக இருந்திருக்க வேண்டியவர், ஆனால் கிரிக்கெட்டுக்குத்தான் எல்லாமாக இருந்தார். எங்கள் கல்யாணத்தன்று அவர் ஊரில் இல்லை. முகூர்த்தம் குறித்த பிறகு வெளிநாட்டில் ஒரு போட்டி வந்தது. ஒன் டவுன் இல்லாமல் அணி போக முடியாது, பன்னிரண்டாவது ஆள் இல்லாமல் தாராளமாகப் போகலாம். அதனால் மாப்பிள்ளை நான் மணவறையில் இருந்தேன், பெண்ணின் அண்ணன் விமானத்தில் இருந்தார். பொரி போடுகிற சடங்குக்கு ஐயர் "பொண்ணோட அண்ணன் எங்க?" என்று கூப்பிட்டார். பெரியப்பா பையன் ஒருவன் வந்து அவள் கையில் பொரியைப் போட்டான். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. புகைதான் கண்ணில் பட்டுவிட்டது என்று பிறகு சொன்னாள்.

எங்கள் பெண் பிறந்து காது குத்த நாள் பார்த்தபோது என் மனைவி அண்ணனைக் கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "இதுக்காச்சும் வாங்கண்ணே." தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். வருவேன் என்று மச்சான் வாக்குக் கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எந்த ஆட்டமும் இல்லை என்று நானும் நாலு தடவை பார்த்துவிட்டேன்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை தேர்வுக் குழுத் தலைவர் என்னைக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு வரச் சொன்னார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணக் குடும்பத்து மனிதர், அளந்துதான் பேசுவார். வேலை முடிந்து கிள்ளானில் கோமுட்டர் ரயில் ஏறிப் போனேன். வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் காப்பியோடு உட்கார்ந்திருந்தார். நான் உட்காருவதற்குள்ளேயே சொல்லிவிட்டார்.

"அடுத்த தொடருக்கு ஒன் டவுன் நீர்தான். உம்மட மச்சானை எடுக்கேல்ல. திங்கட்கிழமை நாங்களே அவரைக் கூப்பிட்டுச் சொல்லுவம். அதுவரைக்கும் நீர் வாயைத் திறக்கப்படாது."

எட்டு வருடம் காத்திருந்த வார்த்தை. எழுந்து ஆடலாம் போல இருந்தது. அடுத்த நிமிடமே ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. திரும்பி வரும் ரயிலில் ஒரு முடிவுக்கு வந்தேன். சொல்லக்கூடாது. குழு சொல்லவேண்டாம் என்றதற்காக மட்டும் இல்லை. என் மனைவி இத்தனை வருடத்தில் அண்ணனிடம் கேட்டு வாங்கிய ஒரே நாள் அது. அதை நான் கெடுக்கமாட்டேன். மூன்று நாள்தானே என்று நினைத்தேன். இந்த ஊரில் ஒரு செய்தி மூன்று நாள் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல.

ஞாயிறு காலை கிள்ளானில் கோவில் மண்டபம். மச்சான் வேட்டி சட்டையில் வந்தார். அவரை நான் வேட்டியில் பார்த்ததே அபூர்வம். பின்னால் என் மாமியாரான அத்தையும் சொந்தக்காரப் பெண்களும் சீர்த் தட்டுகளோடு வந்தார்கள். பட்டுப் பாவாடை, வளையல், பழங்கள், பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய தங்கத் தோடு. ஒவ்வொரு தட்டையும் மச்சானே என் மனைவி கையில் கொடுத்தார். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. சொல்லாமல் இருந்தது சரிதான் என்று நிம்மதியானேன்.

குழந்தை மச்சான் மடியில் உட்கார்ந்தது. பத்தர் முதல் காதைக் குத்தினார். அது வீறிட்டது. எல்லோரும் சுற்றி நின்று பொம்மையை ஆட்டினார்கள். அந்த நேரம் பார்த்து அணியிலிருந்து எங்கள் வேகப்பந்து வீச்சாளர் வந்து சேர்ந்தார். ஷா ஆலம்காரர், நல்ல மனிதர், வெள்ளந்தி. தேர்வுக் குழுவில் ஒருவர் அவருடைய கிளப்காரர், அங்கிருந்து அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஒரே குடும்பம், நான் மச்சானிடம் சொல்லாமலா இருப்பேன் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். நேராக மச்சானிடம் போய்க் குனிந்து அவர் தோளில் கைவைத்தார்.

"அண்ணே, மனசுல வச்சுக்காதீங்கண்ணே. இடம் என்ன வெளியவா போச்சு? வீட்டுக்குள்ளதானே இருக்கு."

குழந்தையின் அழுகையில் அது வேறு யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. மச்சான் முதலில் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். அதைவிடத் தெளிவான பதில் வேறென்ன வேண்டும்? அவர் எழுந்திருக்கப் போகிறார் என்று நினைத்தேன். எழவில்லை. குழந்தையின் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, "இன்னொரு காது இருக்குல்ல, போடுங்க பத்தரே" என்றார்.

அது முடிந்ததும் பிள்ளையைத் தங்கை கையில் கொடுத்துவிட்டு, நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தவரிடம் போய் மைக்கை வாங்கினார். என்னைப் பற்றி ஏதாவது சொல்லப்போகிறார், இத்தனை பேருக்கு முன்னால் என் மானம் போகப்போகிறது என்று நினைத்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம்லா. நான் அதிகம் பேசற ஆள் இல்ல. நாட்டுக்குப் பதினாறு வருஷம் ஆடிட்டேன், போதும். நான் ரிட்டயர் ஆகறேன். என் இடத்த என் மாப்ளைக்குக் கொடுக்கறேன். இன்னைக்கு மாமன் சீரோட இதையும் சேத்துக்குங்க."

மண்டபம் கை தட்டியது. கோவில் தலைவர் ஓடிவந்து மச்சானைக் கட்டிக்கொண்டார். அத்தை அழுதார். தன் கழுத்தில் போட்டிருந்த மாலையைக் கழற்றி மச்சான் என் கழுத்தில் போட்டார், போடும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை. என் மனைவி குழந்தையோடு வந்து அண்ணன் காலில் விழுந்தாள். அவள் அழுதுகொண்டே சிரித்ததைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது. எவ்வளவு பெரிய மனிதர், எவ்வளவு அழகாகக் காப்பாற்றிவிட்டார் என்றுதான் அந்த நிமிடம் தோன்றியது. அதை மறைக்கமாட்டேன்.

மறுநாள் காலை தேர்வுக் குழு கூப்பிடுவதற்கு முன்பே அவருடைய ஓய்வுக் கடிதம் போய்விட்டது. குழுவுக்கும் அது வசதி. மூத்த ஆட்டக்காரர் தானாக விலகினார் என்று பத்திரிகையில் இரண்டு பத்தி வந்தது. வேகப்பந்து வீச்சாளர் என்னிடம் வந்து, தான்தான் தப்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டும் என்று மன்னிப்புக் கேட்டார். நான் சரி என்று தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலோடு உண்மை குழுவுக்குள்ளும் மச்சானுக்கும் எனக்கும் இடையிலும் முடிந்துபோனது.

நன்றி சொல்லிக்கொண்டிருந்த மனது கோபமாக மாற ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரே டீ ஆற்றுகிறவர்கூட "பாஸ், மச்சான் கொடுத்த இடமாமே, காப்பாத்திக்குங்க" என்றார். தொழிற்சாலையில் ஒரு அக்கா, எனக்கும் அப்படி ஒரு அண்ணன் இருக்கக்கூடாதா என்றார். எட்டு வருடம் விடியற்காலையில் எழுந்து ஆடியது, வேலை முடிந்து வெயிலில் ஓடியது, லீக்கில் அடித்தது எல்லாம் எங்கே போயிற்று? பட்டுப் பாவாடைக்கும் பழத்துக்கும் நடுவில் ஒரு தட்டில் வைத்து எனக்குக் கொடுத்துவிட்டார்கள். பெண்ணுக்குப் போட்ட சீரில் அப்பனுக்கும் ஒரு பங்கு! இதை யாரிடம் சொல்வது? சொன்னால் மச்சானைச் சந்தியில் நிறுத்த வேண்டும்.

முதல் ஆட்டம் கிள்ளானிலேயே நடந்தது. நாற்பத்தாறு அடித்தேன், ஜெயித்தோம். வியர்வையோடு படியேறி வருகிறேன், கூட்டம் எனக்கு எதிரில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் மச்சான். ஒவ்வொருவராக அவர் கையைக் குலுக்குகிறார்கள். "சரியான ஆளுக்குத்தான் கொடுத்தீங்க" என்றார் ஒருவர். மச்சான் பவ்யமாகச் சிரித்தார். நான் என் பேடைக் கழற்றி நானே பையில் வைத்துக்கொண்டேன்.

நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரே ஒரு முறை பேச வந்தோம். காப்பாரில் அத்தை வீட்டு வாசலில் மச்சான் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மாப்ள, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "விடுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டேன். விட்டிருக்கக்கூடாது. அவருக்கும் அது தேவையாக இருந்தது, எனக்கும் தேவையாக இருந்தது. ஏதோ பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக நினைத்து அந்தக் கதவை நானே சாத்தினேன்.

அதற்குப் பிறகு கதை வளர ஆரம்பித்தது. முதலில் யாராவது கேட்டால் மச்சான் கூச்சப்பட்டுப் பேச்சை மாற்றுவார். பிறகு, ஆமாம், ரொம்ப நாளாகவே யோசனைதான் என்றார். பிறகு, தேர்வுக் குழுத் தலைவரைத் தானே போய்ப் பார்த்து, என் மாப்ளை தயாராகிவிட்டான், அவனைப் போடுங்கள் என்று சொன்னதாக ஒரு காட்சி சேர்ந்தது. அந்தக் காட்சியில் காப்பிகூட இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். என் மனைவி எத்தனையாவது தடவையோ அதை முதல் தடவை போலக் கேட்பாள்.

இந்த வருடம் எனக்கு அடி சரியாக விழவில்லை. தொடர்ந்து மூன்று ஆட்டம், மூன்றிலும் ஒற்றை இலக்கம். ஒரு ஞாயிறு மதியம் காப்பாரில் அத்தை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நண்டுக் குழம்பு. மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்.

"அந்த இடத்த நான் உங்களுக்குக் கொடுத்திருக்கக் கூடாது மாப்ள. அவசரப்பட்டுட்டேன்."

"டேய்" என்று திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மரியாதையோடு, வருத்தத்தோடு சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்தேன். பொய் சொல்கிறவன் முகம் எனக்குத் தெரியும், இத்தனை நாளாக நானே வைத்துக்கொண்டிருக்கிற முகம் அது. அவர் முகத்தில் பொய் இல்லை. அவர் நிஜமாகவே கொடுத்துவிட்டு, நிஜமாகவே வருந்திக்கொண்டிருந்தார். என் கை சோற்றில் நின்றுவிட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று கேட்டார். போதும் என்றேன்.

திரும்பும்போது மேரு வழியாக வந்தோம். பின்னால் குழந்தை தூங்கிவிட்டது. நான் வண்டியை ஓட்டுகிற விதத்திலேயே என் மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அண்ணன் ஏதோ ஆதங்கத்துல சொல்லிட்டாரு. அதுக்குப் போயி இவ்ளோ கோவமா?"

சொல்லிவிட்டேன். பிரிக்பீல்ட்ஸ், வியாழக்கிழமை, ஷா ஆலம்காரர் தோளில் கைவைத்தது, மச்சான் என்னைப் பார்த்தது, நான் கீழே பார்த்தது. ஒன்றும் விடவில்லை. குரல் உயர்ந்துவிட்டது. உன் அண்ணன் கொடுக்கவில்லை, அவரை எடுத்துவிட்டு என்னைப் போட்டார்கள், நான் அடித்து வாங்கிய இடம் அது என்று கத்தினேன். எட்டு வருடமும் சேர்ந்து அந்த வண்டிக்குள் வெளியே வந்தது. சொல்லி முடித்ததும் உடம்பு லேசானது. இனி இவளுக்காவது தெரியும் என்று இருந்தது.

லோரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. அதை முந்தாமல் பின்னாலேயே போனேன்.

"நீங்க அடிச்சு வாங்கற ஆளுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். "அதுல எனக்கு எப்பங்க சந்தேகம் வந்துச்சு? நீங்க கட்டாயம் ஆடுவீங்கன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே எங்கம்மாகிட்ட சொல்லியிருக்கேன். அண்ணன் கொடுத்துதான் நீங்க ஆடறீங்கன்னு நான் ஒரு நாளும் நெனச்சதில்ல. அண்ணன் எனக்காக ஒன்னே ஒன்னு விட்டுக்கொடுத்தாருன்னு நெனச்சேன். அவ்ளோதான்."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாளா என்று பார்க்க எனக்குத் துணிவில்லை. ஊருக்கு முன்னால் என் இடத்தை மீட்க நினைத்தேன். அதை ஒருபோதும் பறிக்காத ஒருத்தியிடம் போய் மீட்டிருக்கிறேன். அவளிடம் இருந்த ஒன்றைப் பிடுங்கிவிட்டேன்.

அடுத்த ஞாயிறும் காப்பாருக்குப் போனோம். போகவேண்டாம் என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அங்கிள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மச்சான் அவருக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கோவில் மண்டபம், மைக், மாலை, எல்லாம் வந்தது. அங்கிள் ஆச்சரியப்பட்டு, "அப்படியாம்மா?" என்று என் மனைவியிடம் கேட்டார்.

அவள் தட்டில் முறுக்கை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கணம் கை நின்றது. பிறகு மச்சான் சொல்வதைவிடத் தெளிவாகவே சொன்னாள்.

"ஆமா அங்கிள். எங்கண்ணன்தான் கொடுத்தாரு."

என் பக்கம் திரும்பவே இல்லை.